இரண்டு காலும் அந்தரத்தில்

எங்கள் தெருவுக்கு இரக்கம் வந்துவிட்டால் தாங்கவே முடியாது. சண்டை வந்தால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடலாம். இரக்கம் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வரும், இருக்கிற நாற்காலிகளில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரும், குரலைத் தாழ்த்திக்கொண்டு "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்கும். அந்தப் பொண்ணு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அவளைக் கேட்க மாட்டார்கள். அவள் தலைக்கு மேலாக அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்பார்கள்.

அந்தப் பெண் என் தங்கை மகள். நான் அவளுக்குப் பெரியம்மா. எனக்குத் தெருவில் நல்ல பெயர் கிடையாது. நான் பிழைப்புக்கு ஆட்களை ஃபெயில் ஆக்குகிறவள். டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்து, "இறங்குங்க, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்வதுதான் என் வேலை. இந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேரை ஒரு தடவையாவது இறக்கிவிட்டிருக்கிறேன். அதனால் என்னைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது. கணக்கு நேராகிவிட்டது.

தங்கை மகளுக்கு வயது பதினாறு. அவள் வேகநடை வீராங்கனை. அப்படி ஒரு போட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஓடுகிற வேகத்தில் நடக்க வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கவே கூடாது. அப்படி நடந்தால் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிக்கொண்டு போகும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நடக்கிறவளுக்கு உயிர் போகும். ஓடிவிட்டால் சுலபம். ஓட முடிகிற வேகத்தில் ஓடாமல் இருப்பதற்குத்தான் இதில் பரிசு.

அவள் பூங்காவைச் சுற்றிப் பயிற்சி செய்யும்போது தெருவே சிரித்தது. வாத்து என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் மைக்செட்காரர். ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். மைக் கையில் இல்லாதபோதும் மைக் இருக்கிற மாதிரியே பேசுவார். அவள் கடந்து போனதும் பின்னாலேயே இடுப்பை ஆட்டிக்கொண்டு நடந்து காட்டுவார். பழக்கடையில் நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "அங்கிள், உங்க முட்டி மடங்குது. அவுட்டு" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு அப்போது வாய் இருந்தது. நடுவர் எச்சரிக்கை கொடுத்தால் போட்டி முடிந்த பிறகு அவரைத் தேடிப் போய், எந்த இடத்தில், எந்தக் கால் என்று கேட்டு நச்சரிப்பாள்.

எங்கள் ஊர் நடை மன்றத்தில் நானும் ஒரு நடுவர். சொந்தக்காரர்கள் நடுவராக நிற்கக் கூடாது என்று பெரிய ஊர்களில் விதி இருக்கலாம். இங்கே அந்த விதியை வைத்தால் நடுவர் நிற்க வேண்டிய இடத்தில் மரம்தான் நிற்கும். ஆள் கிடையாது. மன்றத்தின் செயலாளரும் தலைமை நடுவரும் மருந்துக்கடைக்காரர். மூன்றாவது நடுவர் கணக்கு டீச்சர். தவறாக நடக்கிறவளுக்கு முதலில் மஞ்சள் தட்டு காட்டி எச்சரிப்போம். அப்படியும் திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை எழுதுவோம். மூன்று பேரும் சிவப்பு எழுதிவிட்டால் அவள் வெளியே. மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் தங்கை மகளுக்கும் எழுதியிருக்கிறேன். மூன்று நாள் பேசாமல் இருப்பாள், பிறகு வந்து ஒட்டிக்கொள்வாள்.

ஒரு போட்டி நாளில் அவள் சட்டையில் எண் துணியை ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். கழுத்தெலும்புக்கு மேலே என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. "இது என்னடி?" என்றேன். "தெரியல பெரியம்மா, வலிக்கல" என்றாள். கொஞ்ச காலமாகவே அவளுக்கு இருமல் இருந்தது. மூச்சு வாங்கியது. மருந்துக்கடைக்காரர் பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து கொடுத்து, "பரீட்சை டென்ஷன்" என்று விளக்கமும் கொடுத்திருந்தார். டென்ஷன் கழுத்தில் கட்டியாக வராது என்று தெரிய அவருக்குப் பட்டம் போதவில்லை.

நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். நெஞ்சுக்குள்ளும் இருந்தது. குணமாகக்கூடிய வகைதான், ஆனால் மருந்து ஏற்றி ஏற்றித்தான் குணமாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். குணம் என்ற சொல்லைத் தங்கை பிடித்துக்கொண்டாள். புற்று என்ற சொல்லைத் தெரு பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரமே வாத்து சிங்கக்குட்டி ஆகிவிட்டது. மைக்செட்காரர் குழு அமைத்தார். எல்லாரும் போட்டுக்கொள்ள ஒரே மாதிரி பனியன் அடித்தார்கள். நெஞ்சில் அவள் படம். பள்ளி அடையாள அட்டையில் இருந்து எடுத்த படம், தும்மல் வருவதற்கு முந்தைய நொடி முகம். அந்தத் தும்மல் முகம் எங்கள் தெருவில் குண்டும் ஒல்லியுமாக எல்லா வயிற்றின் மேலும் உலா வந்தது. அவளுக்கு முடி கொட்டியதும், துணை நிற்கிறோம் என்று சலூன் வாசலில் வரிசையாக உட்கார்ந்து ஆண்கள் மொட்டையடித்துக்கொண்டார்கள். மைக்செட்காரருக்கு ஏற்கெனவே உச்சியில் ஒன்றும் கிடையாது. காதோரம் இருந்த கொஞ்சத்தை எடுப்பதற்கு அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

வீட்டுக்கு வந்தவர்கள் வேறு ரகம். ஒருத்தி தன் அத்தை மகனுக்கும் இதேதான் இருந்தது என்று ஆரம்பித்தாள். "இப்ப எப்படி இருக்கான்?" என்று தங்கை ஆசையாகக் கேட்டாள். அவள் சட்டென்று பேச்சை மாற்றி ஜன்னல் திரை நல்ல நிறம் என்றாள். இன்னொருத்தர் புற்றுக்குப் பயப்படாதே, புற்றுதான் உன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றார். வாய் முழுக்கப் புண்ணோடு தண்ணீர்கூட விழுங்க முடியாமல் இருந்த அந்தப் பெண் அவருக்கும் சிரித்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அவர்கள் முகம் தொங்கிவிடும், முகம் தொங்கினால் அம்மா அழுவாள். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் சிரித்தாள். அவர்கள் வெளியே போய், "என்ன தைரியம்!" என்று வியந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவு கேவலமாகப் பேசுகிறேனே, இந்த ஆட்கள் இல்லாவிட்டால் என் தங்கை அந்த வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். பஸ்ஸில் போனால் பெண்ணுக்குக் குமட்டுகிறது என்று தெரிந்ததும் லாண்டரிக்காரர் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பக்கம் தேய்த்த சட்டைகள் தொங்கும். இன்னொரு பக்கம் மெத்தை போட்டு, பக்கத்தில் வாளி உருளாமல் இருக்கக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஏதோ தியானம் என்று நினைக்க வேண்டாம். திரைத்துணி ஒன்றைச் சாயம் போக வைத்த தகராறில் தங்கைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ரத்தம் வேண்டும் என்றபோது பனியன் போட்டவன், போடாதவன் எல்லாரும் கையை நீட்டினார்கள். பேக்கரிக்காரர் வீட்டு ரொட்டியில்தான் தங்கை வீடு பல நாள் ஓடியது. இதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். சொல்லியாயிற்று. இனித் திட்டுகிறேன்.

மருந்தெல்லாம் முடிந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். மெல்ல நடக்கச் சொன்னார். முதலில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடந்தாள். பிறகு வாசல் வரை. பிறகு பழக்கடை வரை போய், கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினாள். அங்கேதான் தெரு மறுபடியும் மூக்கை நுழைத்தது. அவளைத் தனியாக நடக்க விடக் கூடாதாம். தினமும் சாயங்காலம் நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டு பனியனோடு கிளம்பினார்கள். துணை நடை என்று அதற்குப் பெயர்.

ஆரம்பத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவள் ஆமை வேகத்தில் நடந்தாள், அவர்களும் நடந்தார்கள். உடம்பு தேறத் தேற அவள் வேகத்தைக் கூட்டினாள். வேகநடைக்காரியோடு சாதாரண மனிதன் நடக்கவே முடியாது. நியாயமாக அப்போது இவர்கள் விலகி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றிருக்க வேண்டும். சிங்கக்குட்டியைத் தனியாக விட்டால் தெருவின் மானம் என்னாவது? அதனால் பக்கத்தில் ஓட ஆரம்பித்தார்கள். மெல்லோட்டம். இந்தப் பக்கம் ரெண்டு பேர், அந்தப் பக்கம் ரெண்டு பேர், பின்னால் மைக்செட்காரர், தொம் தொம் என்று.

சுருதி தப்பிப் பாடுகிறவன் பக்கத்தில் நின்று பாடிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் உங்கள் குரலும் அவன் பின்னால் போய்விடும். காலும் அப்படித்தான். மாதக்கணக்காக ஓட்டக்காரர்கள் நடுவில் நடந்ததில் அவள் கால் அவர்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அடிக்கு அடி ஒரு சின்ன எம்பல். ஒரு கால் இறங்குவதற்குள் மறு கால் கிளம்பிவிடுகிறது. நடுவில் ஒரு கணம் இரண்டு காலும் அந்தரத்தில். எங்கள் போட்டியில் அதற்குப் பெயர் ஓட்டம். கூடப் போனவர்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை. தெரிய அவர்கள் காலையா பார்த்தார்கள்? எனக்கும் தெரியவில்லை. அந்தப் பனியன் கூட்டத்தைக் கண்டாலே நான் வேறு தெரு வழியாகப் போய்விடுவேன். ஒருநாள் மழை தூறியதில் கூட்டம் வரவில்லை. அவள் மட்டும் பூங்கா ஓரமாக வந்தாள். அப்போதுதான் பார்த்தேன். எனக்குப் பகீர் என்றது.

பகீர் என்றதற்குக் காரணம் இருந்தது. தேர்வுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்கள் பெரிய ஊரில் நடக்கிற போட்டிக்குப் போவார்கள். நோய்க்கு முன்னால் அவள் கனவே அதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடத் தலையணைக்கு அடியில் பந்தய ஷூவை வைத்துக்கொண்டு படுத்திருந்தவள். பெரிய ஊர் நடுவர்களுக்கு இவள் சிங்கமும் தெரியாது, வாத்தும் தெரியாது. அவர்கள் காலைத்தான் பார்ப்பார்கள். முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

தங்கையிடம் சொன்னேன். அவள் பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள். ஃபோனில் யாருக்கோ நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ நடக்கறா அக்கா. போன வருஷம் இந்நேரம் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனோம். இப்ப நடக்கறா. உனக்கு அது போதாதா?"

"எனக்குப் போதும்டி. அவளுக்குப் போதுமான்னு கேளு."

"நீ ஏன் எதைப் பாத்தாலும் குத்தம் கண்டுபிடிக்கற?"

அவளோடு பேசிப் பயனில்லை என்று பெண்ணிடமே நேராகச் சொன்னேன். "உன் கால் தூக்குது. ரெண்டும் தூக்குது. கூட ஓடறவங்களை நிறுத்து." பழைய பெண்ணாக இருந்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எந்தக் கால், எந்த இடம், எப்ப பாத்தீங்க என்று என் உயிரை வாங்கியிருப்பாள். இவள் சிரித்தாள். "சரி பெரியம்மா, பாத்துக்கறேன்." வாய்ப்புண்ணோடு விருந்தாளிகளுக்குச் சிரித்த அதே சிரிப்பு. என்னையும் விருந்தாளி ஆக்கிவிட்டாள். சாயங்காலம் துணை நடைக் கும்பலிடம் கேட்டிருக்கிறாள். உன் நடை பிரமாதம், உன் பெரியம்மா எமனுக்கே லைசென்ஸ் கொடுக்க மாட்டாள் என்றார்களாம்.

தேர்வுப் போட்டியன்று பூங்காவின் தோட்டச் சாமான் அறையில் நடுவர் கூட்டம். மண்வெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்ச் சுருளுக்கும் நடுவில் மூன்று பேரும் நின்றோம். மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அவரும் பனியன் போட்டிருந்தார். நடுவர் கோட்டுக்குள்ளிருந்து தும்மல் முகம் எட்டிப் பார்த்தது.

"இன்னிக்கு ஒரு நாள் அட்டையெல்லாம் பைக்குள்ளயே இருக்கட்டும். நான் சொல்றது புரியுதில்ல?" என்றார்.

"எல்லாருக்குமா, ஒருத்திக்கு மட்டுமா?" என்றேன்.

"நாமளும் மனுஷங்கதானே" என்றார் கணக்கு டீச்சர்.

"பெரிய ஊர்ல முதல் சுத்துலயே துரத்துவாங்களே, அப்ப என்ன செய்வீங்க?"

"நாங்க எல்லாரும் கூடப் போவோம். தனியா விட மாட்டோம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேன் பிடித்து, பனியன் போட்டு, மைக்கையும் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் அவமானப்பட்டு வெளியே வரும்போது கைதட்டுவார்கள். நினைத்தபோதே எனக்கு வியர்த்துவிட்டது. இந்த ஆட்களுக்கு அவள் தோற்பதும் ஒன்று, ஜெயிப்பதும் ஒன்று. உயிரோடு இருந்தால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம். அவளை விளையாட்டு வீராங்கனையாக ஒருவரும் மதிக்கவில்லை. பிழைத்துவந்த பொருளாக மதித்தார்கள்.

ஐந்து கிலோமீட்டர், பூங்காவைச் சுற்றிச் சுற்றி. மணி அடித்ததும் பெண்கள் கிளம்பினார்கள். முன்னால் மில் குடியிருப்புப் பெண். அவள் எப்போதும் முதல். அவளுக்குப் பின்னால் எங்கள் பெண்ணும் பேக்கரிக்காரர் மகளும். பேக்கரிக்காரர் மகளுக்கு வேகம் கொஞ்சம் கம்மி, ஆனால் சுத்தமான நடை. முட்டி அளவுகோல் மாதிரி நிற்கும். எங்கள் பெண்ணுக்கு இன்னும் பழைய வலு வரவில்லை, ஆனாலும் முன்னால் போனாள். எம்பி எம்பிப் போனாள். மைக்கில் நம்மவர் கதறினார். "மரணத்தையே முந்திய சிங்கக்குட்டி, இதோ!"

என் முன்னால் வந்தபோது மஞ்சள் தட்டைக் காட்டினேன். அதில் அலை போல ஒரு கோடு இருக்கும். கால் தரையை விட்டுவிட்டது என்று அர்த்தம். அவள் பார்த்தாள். புருவம் லேசாகச் சுருங்கியது. பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். "சொந்தப் பெரியம்மாவா இவ?" என்றாள் ஒருத்தி. அடுத்த சுற்றில் எம்பல் இன்னும் கூடியிருந்தது. அட்டையை எடுத்தேன். எண் எழுதினேன். எழுதிக் கொடுத்தேன். அறிவிப்புப் பலகையில் அவள் எண்ணுக்கு நேராக ஒரு சிவப்புப் பொட்டு ஏறியது.

மைக் என் பக்கம் திரும்பியது. பிறகு, "நடுவர்களில் சிலருக்கு இதயம் இருக்கும் இடத்தில் கருங்கல் இருக்கிறது" என்றது. கூட்டம் கைதட்டியது. எதிர்முனையைப் பார்த்தேன். கணக்கு டீச்சர் எங்கள் பெண் வரும்போதெல்லாம் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா போட்டிருந்த ஷூவில் கயிறே கிடையாது. மருந்துக்கடைக்காரர் வானத்தில் மேகம் பார்த்தார்.

எங்கள் பெண் இரண்டாவதாக வந்தாள். பேக்கரிக்காரர் மகள் மூன்றாவது. பனியன்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டன. தூக்கப் பார்த்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். ஒரு பொட்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நீங்கதானே?"

"நான்தான்."

"எந்த இடத்துல?"

"பெஞ்சுக்கு முன்னாலயும், குழாய்கிட்டயும். ரெண்டு காலும்."

"பொய்!" என்று கத்தினாள். ஒரு வருடத்தில் அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. "மத்த ரெண்டு பேருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? உங்களுக்கு யாரு நல்லா இருந்தாலும் புடிக்காது!"

"அவங்களைப் போய்க் கேளு."

கேட்டாள். கணக்கு டீச்சர் முன்னால் போய் நின்றாள். "டீச்சர், நான் தூக்கினேனா?"

"நான் கவனிக்கலைம்மா. நீ வந்ததே எங்களுக்கு…"

"ஏன் கவனிக்கல? உங்க வேலையே அதுதானே?"

டீச்சர் வகுப்பில் தப்புக் கணக்குப் போட்டவளைப் போல நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். "முதல் சுத்துலயே பாத்தேன். அதுக்கப்புறம்தான் குனிஞ்சிக்கிட்டேன்."

"சார், நீங்க?"

மருந்துக்கடைக்காரர் மைக்செட்காரரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. "பாத்தேன்" என்றார்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாள். "நடக்கறது சுலபமா இருந்துச்சு. அது சுலபமா இருக்கவே கூடாது. உங்க எல்லார்கிட்டயும் கேட்டேனே. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேனே. பக்கத்துலயே ஓடி வந்தீங்களே தினமும். எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தீங்களா?"

அத்தனை பனியன்களிலிருந்தும் அந்த மூஞ்சிதான் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"அட்டையை எடுங்க சார்" என்றாள்.

"பரவாயில்லம்மா, முடிஞ்சு போச்சு…"

"முடிவு இன்னும் சொல்லல. சொல்ற வரைக்கும் எழுதலாம். எனக்கு விதி தெரியும். மில்லுப் பொண்ணு தூக்கியிருந்தா எழுதியிருப்பீங்கல்ல? எழுதுங்க."

மருந்துக்கடைக்காரர் எழுதினார். மருந்துச் சீட்டைப் படித்தே கெட்டுப்போன கையெழுத்து, இன்னும் கொஞ்சம் கோணலாகப் போனது. டீச்சரும் எழுதினார். பலகையில் மேலும் இரண்டு பொட்டு ஏறியது. மூன்று. வெளியே. இரண்டாமிடம் பேக்கரிக்காரர் மகளுக்கு. அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து, "எனக்கு இப்படி வேணாம்" என்றாள்.

"ஏன் வேணாம்? நீ ஒழுங்கா நடந்த. போய் வாங்கிக்கோ" என்று எங்கள் பெண் எரிந்து விழுந்தாள். "அடுத்த வருஷம் உன்னை விட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மைக்செட்காரருக்குத் திடீரென்று புல்லரித்துவிட்டது. "தியாகத்தின் மறு உருவம்" என்று மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். லாண்டரிக்காரர், அந்த ஊமை மனிதர், நடந்து போய் ஒயரைப் பிடுங்கிவிட்டார். அந்தத் தெருவில் எனக்கு அன்று பிடித்த காரியம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். பூங்கா மதில் ஓரம் போய், பந்தய ஷூவைக் கழற்றி வீசிவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுகியது, விக்கியது, நடுவர்களைத் திட்டினாள், தன் காலைத் திட்டினாள், என் பெயரைச் சொல்லியும் திட்டினாள். முடி கொட்டியபோது அழவில்லை, ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் துழாவியபோது அழவில்லை. ஒரு போட்டி போனதற்கு அழுதாள். ஒவ்வொரு வருடமும் அந்த மதில் ஓரத்தில் தோற்றுப்போன ஏதாவது ஒரு பெண் இப்படி உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வராத நிம்மதி அப்போது வந்தது. என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

தெரு சும்மா இருக்குமா? தண்ணீர் பாட்டில், துண்டு, விசிறி, ஆறுதல் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. மைக்செட்காரர் முன்னால். தங்கையும் கூடவே வந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"யாரும் கிட்ட போகக் கூடாது."

"பாவம்ங்க, பச்சப் புள்ள…"

"பாவம் இல்ல. தோத்துட்டா. தோத்தவங்க அழுவாங்க. விடுங்க, அழட்டும்."

அவர்கள் பாட்டிலையும் துண்டையும் பிடித்தபடி அங்கேயே நின்றார்கள். சாகப் பிழைக்கக் கிடந்தவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வெறுமனே தோற்றுப்போன ஒருத்திக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தங்கை மட்டும் என் தோளுக்கு மேலாக மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், மகள் நோயில் விழுந்ததிலிருந்து காணாமல் போயிருந்த பழைய கோபம் தொண்டைக்கு ஏறி, "ஏய், அந்த ஷூ என்ன விலைன்னு தெரியுமா? எந்திரிச்சு போய் எடுத்துட்டு வாடி!" என்று அதட்டினாள்.